பினாங்கில் நம்மவர் எத்தனை பேர்?

1

ஊரிலிருந்து வரும் கடிதங்களில் மூன்று கேள்விகள் தவறாமல் இருக்கும். சௌக்கியமா, எப்போது வருகிறாய், அங்கே நம்மவர்கள் எத்தனை பேர். முதல் இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் எழுதி வருகிறேன். மூன்றாவதற்கு மட்டும் பதில் வருஷா வருஷம் சிறுத்துக்கொண்டே வருகிறது. நான் பினாங்கில் கப்பலிறங்கி இந்த மாதத்தோடு இருபத்தொரு வருஷம் நிறைந்தது. அதைச் சாக்கிட்டு என் மனைவி மீனாட்சி பாயசம் வைத்தாள். அதைச் சாக்கிட்டு நான் இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்தேன்.

நான் பீச் தெருவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிராணி. ஊர்ப் பேச்சில் குமாஸ்தா. ரப்பர் விலை படுத்த நாளிலிருந்து எனக்கு ஒரே வேலைதான். தோட்டத்தில் வேலை போன தமிழர்களை நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பும் பட்டியலை எழுதுவது. பெயர், தகப்பன் பெயர், வயது, கிராமம். எழுதி எழுதி நடுவிரலில் காய்ப்புக் காய்த்துவிட்டது. தோட்டக்காரர்கள் போனால் அவர்களுக்குச் சாமான் விற்றவர்கள் போகிறார்கள். அவர்கள் போனால் அவர்களுக்குக் கணக்கெழுதியவர்கள் போகிறார்கள்.

போன மாதம் பட்டியலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே எங்கள் துரை சொன்னார், இப்படியே போனால் நல்ல தமிழ்க் கிராணி இந்த ஊரில் கோழிப் பல் மாதிரி ஆகிவிடுவான் என்று. ஆங்கிலேயர் ஒரு பொருளோ ஒரு வகை மனிதரோ காணக் கிடைக்காமல் போனால் அப்படிச் சொல்வது வழக்கம். கோழிக்குப் பல் கிடையாது என்பதைக் கண்டுபிடிக்க அவர்கள் எத்தனை கோழியின் வாயைத் திறந்து பார்த்தார்களோ தெரியாது. நாம் அதே இடத்தில் குதிரைக் கொம்பு என்கிறோம். நாம் குதிரையின் தலையைப் பார்த்தோம், அவர்கள் கோழியின் வாயைப் பார்த்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். துரை அதைப் பாராட்டாகச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டு, "தேங்க்யூ சார்" என்றேன். அடுத்த வாரம் பக்கத்து மேஜைக் கிராணிக்குச் சீட்டுக் கிழித்தார்கள். அவர் பெயரையும் பட்டியலில் நானே எழுதினேன்.

2

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பினாங்கில் தமிழர்கள் குறைந்துவிட்டார்கள் என்று நினைத்து வருத்தப்படாதீர்கள். எத்தனை கப்பல் போனாலும் இங்கே தடுக்கி விழுந்தால் ஒரு தமிழர் மேல்தான் விழ வேண்டும். துறையில் மூட்டை தூக்குகிறவர், வண்ணாந்துறையில் துணி துவைக்கிறவர், டத்தோ கிராமாட் சாலையில் பால் ஊற்றுகிறவர், சூலியா தெருவில் துணி விற்கிறவர், எல்லாரும் தமிழர். அருகிப்போனது தமிழர் அல்ல, நம்மவர். நம்மவர் என்றால் யார் என்று நான் எழுதப் போவதில்லை. சாதிப் பெயரை எழுதினால் மற்றவர்கள் எல்லாம் நிம்மதியாகப் படித்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது எங்கள் எல்லாரிடமும் ஆளுக்கொரு சாதி இருந்தது. இரண்டாம் நாள் அலை எழும்பியதும் அது போன இடம் தெரியவில்லை. மேல்தளத்தில் யார் மடியில் யார் தலை வைத்துக் கிடந்தோம், யார் செம்புத் தண்ணீரை யார் குடித்தோம் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. பினாங்குத் துறை கண்ணில் பட்டதும் எழுந்து முகம் கழுவினோம். மூட்டை முடிச்சைத் தேடுவதற்கு முன்னால் சாதியைத் தேடி எடுத்துக்கொண்டோம். துறையில் வைத்தியலிங்கம் ஐயா குடையோடு நின்றிருந்தார். எந்த ஊர், எந்தத் தெரு, யார் பேரன் என்று கேட்டார். மூன்றுக்கும் சரியான பதில் சொன்ன என்னை மட்டும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டார்.

அவர் அப்போது ஓர் அரசாங்க ஆபீஸில் தலைமைக் கிராணி. நம்மவர் நலச் சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தி அதற்கு இருபத்திரண்டு விதிகள் எழுதியிருந்தார். ஆங்கிலேயர் கிளப்பு விதிகளைப் பார்த்து எழுதியவை. ஆறாவது விதி, இறந்துபோன நம்மவரை நம்மவர் நால்வர் மட்டுமே தோளில் சுமந்து செல்ல வேண்டும், பிறர் தோளோ வாகனமோ கூடாது என்பது. ஒன்பதாவது, ஐந்து பேர் கூடாத கூட்டம் கூட்டமே ஆகாது என்பது. அந்தக் காலத்தில் சங்கத்தைப் படம் பிடிக்க மூன்று வரிசை நாற்காலி வேண்டியிருந்தது. போன வருஷம் ஒரு பெஞ்சு போதுமானதாக இருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் தலைவர் வைத்தியலிங்கம் ஐயா, காரியதரிசியாகிய நான், பொக்கிஷதார் பக்கிரிசாமி, ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் நடேசன், பாசார் எனப்படும் சந்தையில் பாக்குக் கடை வைத்திருக்கும் செல்லையா.

எங்கள் ஊரில் நம்மவர்கள் ஏராளம். ஏராளமாக இருந்ததால் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு கட்சி. ஒரு கட்சியின் சாவுக்கு மறு கட்சி எட்டிப் பார்க்காது. இதை நான் ஒரு தடவை சங்கத்தில் சொன்னேன். குறிப்பில் ஏற்ற வேண்டாம் என்று ஐயா உத்தரவிட்டார்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஏறவே இல்லை. மகன் சிங்கப்பூரில் தந்தி இலாகாவில் இருக்கிறான், ஆங்கிலத்தில்தான் கடிதம் எழுதுகிறான். மகள் கான்வென்ட்டில் படிக்கிறாள். ஒரு நாள் வந்து, "அப்பா, எங்க சிஸ்டர் நீ என்ன இண்டியன்னு கேட்டாங்க. நான் பினாங்கு இண்டியன்னு சொல்லிட்டேன். சரிதானேலா?" என்றாள், இந்த ஊர்ப் பேச்சின் வாலான 'லா'வையும் சேர்த்து. சரியில்லை என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் அவள் சாப்பிடப் போய்விட்டாள்.

3

இப்போது முருகையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் நம்மவன்தான். துறைமுகக் கிடங்கில் இறங்கும் சாமான்களைச் சரிபார்க்கும் கிராணி. வயது முப்பதுக்குள். மூன்று வருஷத்துக்கு முன்னால் லட்சுமி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். வளர்க்க வசதியில்லாத பெண் குழந்தையைச் சீனர்கள் சிலர் தமிழர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவது இங்கே சகஜம். லட்சுமி அப்படி வந்தவள். பிறந்த பத்தாம் நாள் ஒரு தமிழ்ப் பால்காரர் வீட்டுக்கு வந்து, அங்கேயே மாரியம்மன் கோயிலுக்குப் பூக்கட்டி வளர்ந்தவள்.

சங்கம் விசாரணைக்குப் போயிற்று. நாங்கள் ஐந்து பேரும் போனோம். வாசலில் பெரிய கோலம் போட்டிருந்தது. ஐயா அதைச் சுற்றிக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உனக்குத் தமிழ் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"தெரியுங்க. வேற எதுவுந்தான் தெரியாது" என்றாள் அவள்.

எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஐந்து டம்ளரும் அப்படியே ஆறிப்போயின. மறுநாள் நான் ஒரு கடிதம் எழுதினேன். விதி பதினான்கின்படி உமது பெயர் உறுப்பினர் ஜாபிதாவிலிருந்து அடிக்கப்பட்டது, இனி சங்கத்தின் நன்மை தீமை எதிலும் உமக்குப் பாத்தியதை இல்லை என்று. கடிதத்தின் நடை நன்றாக இருப்பதாக ஐயா மெச்சினார். எனக்கும் அன்று கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கோழிக்குப் பல் இல்லாததற்குக் கோழியைக் குறை சொல்ல முடியாது, அது பிறந்ததே அப்படி. நாங்கள் இருந்த பல்லைக் குறடு வைத்துப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, ஐயோ நம்மவர்கள் அருகிப்போகிறார்களே என்று மாதா மாதம் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தோம்.

4

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் வைத்தியலிங்கம் ஐயா காலமானார். மார்வலி என்று எழுந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பிள்ளைகள் கிடையாது. மனைவி பர்வதம்மாள் மட்டும் இருந்தார்.

நான் முதலில் இறப்பைப் பதியப் போனேன். கவுண்டரில் இருந்த யுரேஷியக் கிராணி பெயர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, இனம் என்ற கட்டத்தில் "தமிழ்" என்று ஒரே சொல்லில் எழுதி முடித்தார். ஐயாவுக்கு இது பிடிக்காதே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. சாதியையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். "அதுக்குக் கட்டம் இல்லைலா மிஸ்டர்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு முத்திரை குத்தினார். இருபத்திரண்டு விதி எழுதிய மனிதர் வண்ணாந்துறை ஆட்கள் போகிற அதே கட்டத்தில் போனார்.

டத்தோ கிராமாட் சாலைச் சந்தில் இருந்த அவர் வீட்டுக்குத் திரும்பியபோது பக்கிரிசாமி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தூக்குறதுக்கு ஆள் இல்லையேண்ணே" என்றார்.

விரல் விட்டுப் பார்த்தோம். ஐயா போக நாங்கள் நாலு பேர். பக்கிரிசாமி ஐயாவுக்குத் தூரத்து உறவு. கொள்ளி வைப்பது அவர்தான். நெருப்புச் சட்டியோடு முன்னால் நடக்க வேண்டும். மிச்சம் நான், நடேசன், செல்லையா. மூன்று தோள். பாடைக்கு நாலு முனை. என் மகனுக்குத் தந்தி கொடுத்தாலும் சிங்கப்பூரிலிருந்து ரயில் பிடித்து அக்கரையிலுள்ள பிறை ஸ்டேஷனுக்கு வந்து, படகேறி இங்கே சேர மறுநாளாகிவிடும். அன்று சாயங்காலத்துக்குள் எடுத்தாக வேண்டும். பத்து லஞ்சாங் என்ற இடத்துச் சுடுகாடோ இரண்டு மைலுக்குக் குறையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் ஆளில்லை என்று கையைப் பிசைந்துகொண்டு நின்ற கூடத்திலிருந்து பார்த்தால் வாசல் நிறைய ஆட்கள். பால்காரர் மாரிமுத்து, வண்ணாந்துறையிலிருந்து வந்தவர்கள், முனிசிபல் வேலைக்காரர்கள். இருபது பேருக்குக் குறையாது, எல்லாரும் வாட்டசாட்டமானவர்கள். மாரிமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு படியருகே வந்தார்.

"நாங்க இத்தன பேரு இருக்கோம்ங்க. மாத்தி மாத்தித் தூக்கிட்டுப் போயிடலாம்லா. எங்களுக்கெல்லாம் மனு எழுதிக் குடுத்தவருங்க ஐயா" என்றார்.

"ரொம்ப சந்தோஷம். யோசிச்சிச் சொல்றோம்" என்றார் பக்கிரிசாமி.

மாரிமுத்து தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போய் நின்றுகொண்டார். யோசிச்சிச் சொல்றோம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

மோட்டார் லாரி வைத்துக்கொள்ளலாம் என்றார் செல்லையா. ஆறாவது விதியை நான் எடுத்துக் காட்டினேன். வாகனம் கூடாது என்று ஐயா தம் கையாலேயே எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார்.

5

கடைசியில் முருகையாவின் பெயரை எடுத்தவர் நடேசன். சாதி கெட்டவன்தான், ஆனாலும் நம்ம சாதியில் பிறந்து கெட்டவன் என்பது அவருடைய வாதம். வாசலில் நிற்கிற இருபது பேரும் கெடவே இல்லை, ஆனால் அவர்கள் பிறந்த இடம் சரியில்லை. இந்தத் தர்க்கம் அப்போது எங்கள் எல்லாருக்கும் மிகவும் நியாயமாகப் பட்டது. அடித்த பெயரை மறுபடி சேர்க்க ஒரு கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினால் போதும்.

கூட்டத்துக்கு ஐந்து பேர் வேண்டும். நாங்கள் நாலு பேர்.

நாலு பேரும் கூடத்து மூலையில் நின்று குசுகுசுவென்று இதைப் பேசிக்கொண்டிருந்தோம். பர்வதம்மாள் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்தபடியே எங்களைப் பார்த்தார்.

"யாராச்சும் தூக்குங்களேன். விதி விதிங்கிறீங்க. அவரு எழுதினதுதானே, அவரையே எழுப்பிக் கேளுங்க" என்றார்.

அந்த அம்மாள் வயிற்றெரிச்சலில் சொன்னார். நடேசன் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார். ஐயாவின் பெயர் இன்னும் ஜாபிதாவில் இருக்கிறது, இறந்தவர் பெயரை நீக்குவதற்கும் ஒரு கூட்டம் போட்டாக வேண்டும், அதுவரை அவர் உறுப்பினர்தான், இங்கேதான் இருக்கிறார் என்றார். சட்டப்படி அதில் குற்றம் காண முடியவில்லை. நான் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டு எழுதினேன். வந்திருந்தோர் ஐவர். தலைவர் வைத்தியலிங்கம் அவர்கள் முன்னிலை வகித்தார். முருகையாவை மீண்டும் சேர்ப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. தலைவர் மறுப்பேதும் தெரிவிக்கவில்லை.

சத்தியமாக இப்படித்தான் எழுதினேன். சங்கம் ஏற்பட்ட நாளிலிருந்து ஐயா மறுப்பேதும் தெரிவிக்காமல் நடந்த கூட்டம் அது ஒன்றுதான்.

6

முருகையா வீட்டுக்கு நான் மட்டும் போனேன். கடிதம் எழுதிய கையே போய்க் கூப்பிடட்டும் என்று மற்றவர்கள் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிட்டார்கள். லட்சுமிதான் கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அவனை அனுப்பினாள். இந்தத் தடவை காப்பி வரவில்லை.

விஷயத்தைச் சொன்னேன்.

"என்னைத் திரும்பவும் சேத்தாச்சாண்ணே?"

"சேத்தாச்சு தம்பி. ஏகமனதா."

"அஞ்சு பேரு வேணுமே. யார் யாரு இருந்தாங்க?"

நான் நாலு பெயரைச் சொல்லி நிறுத்தினேன். அவன் ஐந்தாவதுக்காகக் காத்திருந்தான்.

"ஐயாவும் இருந்தாரு" என்றேன்.

முருகையா என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பான் அல்லது திட்டுவான் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, "போலாம்ணே, வெயில் எறங்குறதுக்குள்ள எடுக்கணும்ல" என்றான்.

நாலு பேரும் தூக்கினோம். மூன்று பேர் ஐம்பதைத் தொட்டவர்கள், ஆயுசில் பேனாவுக்கும் பாக்குப் பொட்டலத்துக்கும் மேல் கனமாக எதையும் தூக்கிப் பழகாதவர்கள். டத்தோ கிராமாட் சாலையைத் தாண்டுவதற்குள் செல்லையாவுக்கு மூச்சு வாங்கியது. நடேசன் ஒவ்வொரு விளக்குக் கம்பத்தடியிலும் இறக்கச் சொன்னார். பாடை முருகையாவின் பக்கம் உயர்ந்தும் எங்கள் பக்கம் தாழ்ந்தும் கப்பல் மாதிரி ஆடிக்கொண்டு போயிற்று. பின்னால் மாரிமுத்துவும் அந்த இருபது பேரும் கைகளை வீசிக்கொண்டு சும்மா நடந்து வந்தார்கள். நாங்கள் இறக்கி வைத்தபோதெல்லாம் அவர்களும் நின்றார்கள். ஒரு தடவை என் கால் இடறியபோது மாரிமுத்து ஓடி வந்து கையை நீட்டினார். நீட்டியவர் பாடையைத் தொடாமல் என் முழங்கையை மட்டும் பிடித்து நிறுத்திவிட்டு விலகிக்கொண்டார். இத்தனை வயதுக்கு நான் பட்ட அவமானங்களில் அதை முதலாவதாக வைக்கிறேன்.

எப்படியோ விதி பிசகாமல் ஐயா போய்ச் சேர்ந்தார். சுடுகாட்டுக் குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது முருகையா என் பக்கத்தில் வந்து நின்றான். அவன் தோள் சிவந்து தடித்திருந்தது. பாரத்தின் பெரும்பங்கு அவன் தலையில்தான் விழுந்திருந்தது.

"நீ வரலேன்னா இன்னைக்கு மானம் போயிருக்கும் தம்பி" என்றேன்.

"பரவால்லலாண்ணே. ஐயாவுக்கு நாலு பேரு கெடச்சிட்டோம்" என்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபமில்லாத குரலில், "போன வருசம் நானும் ஆள் தேடினேன். ஒங்களுக்கு மறந்திருக்கும்" என்றான்.

"எதுக்குத் தம்பி?"

"சங்கத்துப் பைலுல இருக்கும்ணே. நீங்கதான் எதையும் தூக்கிப் போட மாட்டீங்களே" என்று சொல்லிவிட்டு, மாரிமுத்துவோடு பேசிக்கொண்டே நடந்து போய்விட்டான்.

7

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மீனாட்சியும் மகளும் பாசாருக்குப் போயிருந்தார்கள். சங்கத்துக் கோப்புகளை இறக்கிப் போட்டுத் தேடினேன். உறுப்பினர் அல்லாதார் கடிதங்கள் என்று நானே பெயரெழுதி நூல் கோத்த கோப்பில், ஒரு திருமணப் பத்திரிகைக்கும் நன்கொடை கேட்ட கடிதத்துக்கும் நடுவில் அது இருந்தது. கிடங்கில் சாமான் குறிக்கும் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியது. வந்ததும் படித்ததும் எனக்குச் சுத்தமாக நினைவில்லை. எழுதியிருந்தது இவ்வளவுதான்.

"ஐயா, எனக்கு முந்தாநாள் பிறந்த ஆண் குழந்தை இன்று காலை தவறிவிட்டது. சங்கத்து விதி எனக்குத் தெரியும். தூக்க ஆள் கேட்கவில்லை, நானே கையில் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அவ்வளவு தூரம் தனியாக நடக்க மனசு வரவில்லை. கூட நடக்க யாராவது ஒருவர் வந்தால் போதும்."

அதன் மேல் ஓரத்தில், சிவப்பு மையில், துரை மெச்சுகிற என் முத்தான கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது.

"ஜாபிதாவில் பெயர் இல்லை. பதில் வேண்டியதில்லை."